கஜு போடாத சஹன்

1

வருகிற சனிக்கிழமை எங்கள் மகள் நுஹா வீட்டை விட்டுப் போகிறாள். பதறாதீர்கள், பல்கலைக்கழகத்துக்குத்தான். நாங்கள் இருக்கும் இந்த இங்கிலாந்து ஊரிலிருந்து காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். விடுதியில் அவளுக்குத் தனி அறை உண்டு. குசினி மட்டும் பொது.

விடுதிக்காரர்கள் படங்கள் அனுப்பியிருந்தார்கள். என் கணவர் கட்டிலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தொழுவதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தார். நான் குசினிப் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு பஞ்சு கிடந்தது. பாத்திரம் தேய்க்கிற பஞ்சு. அது யார் யாருடைய பீங்கான் தட்டைத் தேய்த்திருக்கும், அந்தப் பீங்கான்களில் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று யோசித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அது படம் எடுக்கிறதுக்காக வைத்த பஞ்சு உம்மா" என்று நுஹா சிரித்தாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். நான் தமிழில் கதைக்க, அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, இப்படியே எங்கள் வீட்டில் இத்தனை வருடம் ஓடிவிட்டது.

இலங்கையில், எங்கள் ஊர் கல்முனையில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு, ஒரு பஞ்சைக் கண்டு பயப்படுகிற பொம்பிளையை நினைத்தால் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரியுங்கள். என் தங்கச்சி பரீனாவும் போன வருடம் வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

விசயம் இதுதான். என் மகளுக்குக் கஜு ஆகாது. நம் மரமுந்திரிக் கொட்டைதான். அதில் ஒரு துணுக்கு, அல்லது அந்தத் துணுக்குப் பட்ட கை, அல்லது அந்தக் கை தொட்ட கரண்டி, எது அவள் வாய்க்குள் போனாலும் உதடு தடிக்கும், உடம்பெல்லாம் தடிப்பு எழும்பும், தொண்டை அடைக்கும். உடனே ஊசி போகாவிட்டால் உயிருக்கு மோசம். நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்கிற பழக்கம் எனக்கு உண்டுதான், ஆனால் இதில் இல்லை.

பக்கத்து ஊரிலும் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பஸ்ஸில் போய்விட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்து என் கையால் ஆக்கியதைச் சாப்பிடலாம். அதை நான் சொல்லாத விதமில்லை. கெஞ்சினேன், கோபப்பட்டேன், நெஞ்சு வலிக்கிறது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "உம்மா, உங்களுடைய பயத்தை நான் எத்தனை நாளைக்குச் சாப்பிடுவது?" என்று ஒரு நாள் கேட்டாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேட்கவில்லையே தவிர, பயம் அப்படியே இருக்கிறது.

2

ஊரில் எங்கள் வீட்டு வளவில் நின்றதும் மரமுந்திரிதான். கடற்கரை மணலில் வேறு எது அப்படிச் செழிக்கும்? பழம் விழுகிற காலத்தில் பரீனாவும் நானும் கொட்டையைச் சேர்த்துப் பழைய தகரத்தில் போட்டுச் சுடுவோம். கோதில் இருந்து எண்ணெய் சீறித் தீப்பிடிக்கும். பொறுமையில்லாமல் சூட்டோடு கடித்து உதடு வெந்துபோய், உம்மாவிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறோம். உதடு ஆறியதும் மறுபடியும் தகரத்தைத் தூக்குவோம். கஜுவில் இருக்கிற ஆபத்து அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

நுஹாவுக்கு இரண்டு வயது இருக்கும். ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் பரீனா தொதல் கொடுத்தனுப்பியிருந்தாள். பனை ஓலைப் பெட்டியில், எண்ணெய் கசிந்து, நிறையக் கஜு போட்டு, தேங்காய்ப்பாலில் கிண்டிய நம் ஊர் இனிப்புத் தொதல். பெட்டியைத் திறந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மிருதுவான துண்டாகப் பார்த்துக் கிள்ளி, என் விரலால் அவள் வாயில் வைத்தேன். சப்புக்கொட்டித் தின்றாள். இன்னும் வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் முகம் அவள் முகமாக இல்லை. அம்புலன்ஸுக்கு எடுத்தேன். 'வீங்குகிறது' என்பதற்கு ஆங்கிலச் சொல் வாயில் வரவில்லை. "அவளுடைய வாய் பெரிதாகிறது, கண் சிறிதாகிறது" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு விளங்கிவிட்டது. அவர்கள் வந்து சேர்ந்ததும் வாசலிலேயே வைத்து ஊசி போட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தப்பினாள்.

யார்மேலும் பிழை இல்லை என்று டொக்டர் சொன்னார். தெரிந்தால்தானே? எனக்கும் அது விளங்கியது. ஆனால் கைக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவளுக்குக் கையால் ஊட்டியதே இல்லை. கரண்டியால்தான். கொதிநீரில் கழுவிய கரண்டி. நம் ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் உம்மா ஊட்டிவிடுவாள். என் பிள்ளை மூன்று வயதிலேயே தானாகச் சாப்பிடப் பழகிவிட்டாள். இங்கே எல்லாரும் கெட்டிக்காரி என்று மெச்சினார்கள். நானும் சிரித்துக்கொண்டு ஓம் என்றேன்.

3

இந்த நாட்டில் ஒவ்வாமை உள்ள பிள்ளையை வளர்ப்பது என்றால் அது அரைவாசி அலுவலக வேலை. ஊசி மருந்து பேனை மாதிரி ஒன்றில் வரும். மூடியைக் கழற்றித் தொடையில் குத்திப் பிடிக்க வேண்டும். அதற்குக் காலாவதித் தேதி உண்டு. அந்தத் தேதி நெருங்கினால் எனக்குத் தூக்கம் போய்விடும். டொக்டரின் வரவேற்பில் இருக்கிற பெண் "இன்னும் நாள் இருக்கிறதே" என்பாள். நாள் முடிந்த பிறகு போனால் மருந்துக்கடையில் "கையிருப்பில் இல்லை" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் புது ஆசிரியர், புதுக் கூட்டம். ஒவ்வொரு வருடமும் நான் தோடம்பழத்தில், ஆரஞ்சில்தான், காலாவதியான பேனையைக் குத்திக் காட்டுவேன். பழகுகிற பேனை வேறாக இருக்கும், அதில் ஊசி இராது. என்றாலும் தோடம்பழத்தில் குத்தினால்தான் எனக்கு மனம் ஆறும்.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு மூலையில் 'கொட்டை இல்லா மேசை' என்று ஒன்று வைத்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான். அதில் என் மகளும், பால் ஆகாத ஒரு சின்னப் பிள்ளையும் மட்டும் இருப்பார்கள். மற்ற மேசைகளில் கும்மாளம். அந்தப் பிள்ளை வராத நாட்களில் நுஹா தனிய. எனக்கு அது தெரியாது. கூட்டாளிகளோடுதான் சாப்பிடுகிறாள் என்று நினைத்திருந்தேன். பெரிய வகுப்புக்குப் போன பிறகுதான் சொன்னாள். அன்றைக்கு நான் குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டினேன். எதற்கு என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பரிதாபப்பட்டு விடாதீர்கள். அங்கேதான் நான் ராணி. கஜு இல்லை என்றால் ருசி இல்லை என்று யார் சொன்னது? இலங்கைக் கடையில் பலாக்கொட்டை வாங்கி, அவித்துத் தோலுரித்து, கட்டித் தேங்காய்ப்பாலில் கஜுக் கறி வைக்கிற அதே பக்குவத்தில் வைப்பேன். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தார் கஜு என்றே நினைத்துச் சாப்பிட்டார்கள். முட்டையும் சர்க்கரையும் சேர்த்து அவிக்கிற வட்டிலப்பத்தின் மேல் பூசணி விதையை நெய்யில் பொரித்துத் தூவுவேன். கடையில் எது வாங்கினாலும் பொட்டணத்தைத் திருப்பி, எழுத்தெழுத்தாக வாசித்து, சந்தேகம் என்றால் திரும்ப வைத்துவிடுவேன். என் கணவர் தள்ளுவண்டியோடு நின்று அலுத்துப்போய் "அல்லாஹ் பார்த்துக்குவான், வா" என்பார். "வாசிக்கக் கண்ணையும் அவன்தான் தந்தான், நில்லுங்க" என்பேன்.

நுஹாவுக்கும் என் கைப்பக்குவம் வந்துவிட்டது. புளியாணம் என்னைவிட நன்றாக வைப்பாள். பெயர் மட்டும் சொல்லத் தெரியாது, 'புளிப்புச் சூப்' என்பாள். நான் திருத்தினால் தோளைக் குலுக்குவாள். சட்டி அவள் கையில் இருக்கிற நேரத்தில்தான் அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று எனக்கு நிம்மதியாக இருக்கும்.

4

போன வருடம் பரீனாவின் மூத்த மகளுக்குக் கலியாணம் வந்தது. போகாமல் இருக்க முடியாது. ஆனால் கலியாணம் என்றால் சஹன். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊர் முஸ்லிம் கலியாணத்தில் ஆளுக்கொரு பீங்கான் கிடையாது. விரிப்பில் வட்டமாக ஐந்தாறு பேர் இருப்பார்கள். நடுவில் ஒரு பெரிய தட்டு நிறையச் சோறு. எல்லாரும் அதிலேயே கை வைத்துச் சாப்பிட வேண்டும். நல்ல இறைச்சித் துண்டை விருந்தாளியின் பக்கம் தள்ளிவிடுவதுதான் மரியாதை. பிரியம் கூடினால் ஒரு பிடி எடுத்து வாயிலேயே ஊட்டிவிடுவார்கள். மறுத்தால் அவர்கள் மனம் உடைந்துபோகும்.

நான் பரீனாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ராத்தா, றாலெண்டா சொல்லுங்க, ஓம், கிரந்தி. சூரமீன் கிரந்தி. கத்தரிக்காயும் கிரந்தி. கஜுல என்ன கிரந்தி இரிக்கி? புள்ளப் பெத்தவளுக்கே குடுக்கிற சாமான்!"

கிரந்தி என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். உடம்பில் சொறி, தடிப்பு கிளப்புகிற சாப்பாடு. கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்தால் சரியாகிவிடும். கறியில் இருந்தால் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். ஊருக்குத் தெரிந்த கணக்கு அது.

"இது கிரந்தி இல்ல பரீனா. இது வேற. உசிருக்கு மோசம்."

"வெள்ளக்கார டொக்டர்மார் எல்லாத்துக்கும் பயங்காட்டுவாங்க. நான் ஓதித் தண்ணி எடுத்து வெக்கிறன்."

"தண்ணியும் எடுத்து வை. ஆனா அவளுக்குப் புறம்பா ஒரு பீங்கான்ல சோறு தா."

அவள் மெதுவாகச் சொன்னாள்: "கலியாண வீட்ட, என்ட ராத்தாட புள்ளைய நோயாளி மாதிரிப் புறம்பா இரித்தி வெக்கச் சொல்றீங்களா?"

நுஹாவும் அதையே சொன்னாள். தனிப் பீங்கான் என்றால் நான் வரவில்லை என்றாள். "அந்த மேசையில் நான் போதுமான அளவு இருந்துவிட்டேன்."

ஒரு கிழமை கழித்துப் பரீனாவே எடுத்தாள். குரலில் ஒரு வீராப்பு.

"ராத்தா, சமையல்காரனுக்குச் சொல்லிட்டன். கலியாணப் புரியாணில கஜுவே போடப்படாது. ஒரு சஹனுக்கும் இல்ல. பொரிச்ச வெங்காயமும் பிளம்ஸும் மட்டும்."

"மாப்புள வீட்டாக்கள் கதைக்க மாட்டாங்களா கா?"

"கதைக்கட்டும். கஜு வாங்க ஏலாம கலியாணம் முடிச்சாங்க எண்டு ஊரெல்லாம் கதைக்கட்டும். என்ட ராத்தாட மகள் எங்களோட இரிந்து தின்னணும்."

நான் தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன். கஜு போடாத கலியாணப் புரியாணி என்றால் அது எவ்வளவு பெரிய மானப் பிரச்சினை என்பது நம் ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும். பெண் வீட்டாருக்கு வாழ்நாள் முழுக்கக் கேட்கிற சொல் அது. எனக்காக அவள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

விமானத்தில் ஏறி இருந்ததும் பணிப்பெண் சிரித்த முகத்தோடு ஒரு சின்னப் பொட்டணம் நீட்டினாள். வறுத்த கஜு. ஊருக்குப் போகிற வழி முழுக்க என் பிள்ளையைச் சுற்றிக் கஜு நொறுங்குகிற சத்தம். நான் ஈரத் துணியால் அவளுடைய மேசையைத் துடைத்தேன், கைபிடியைத் துடைத்தேன், பிறகு மறுபடியும் மேசையைத் துடைத்தேன். பக்கத்தில் இருந்த ஆள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

5

கலியாணத்தன்று காலையிலேயே நான் சமைக்கிற கொட்டகைக்குப் போய்விட்டேன். நெய்ப் போத்தலைப் பார்த்தேன், மசாலாப் பைகளைப் பார்த்தேன், அகப்பையைக் கழுவச் சொன்னேன். சமையல்காரர் தாடியைத் தடவிக்கொண்டு "ராத்தா, பொலிஸ்ல வேல செய்றீங்களா?" என்று கேட்டார். ஆனால் சொன்னபடி செய்தார். ஒரு கஜுகூட அந்தக் கொட்டகையில் இருக்கவில்லை. நான் தேடாத இடமில்லை.

மத்தியானம் பெண்களுக்கு வீட்டுக்குள் விரிப்புப் போட்டார்கள். நுஹா சுடிதாரைச் சரிசெய்துகொண்டு மச்சிமார் நடுவில் இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாப்பாட்டு இடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. ஒருத்தி கெண்டியோடு வந்து எல்லாருடைய கையிலும் தண்ணீர் ஊற்றினாள். நான் பின்னால் நின்று ஒவ்வொரு கையாகப் பார்த்தேன். எல்லாரும் கழுவினார்கள்.

சஹன் வந்த பிறகுதான் ஹாஜரா மாமி ஓடி வந்து இருந்தார். என் கணவரின் மூத்த சகோதரி, பாலமுனையில் இருக்கிறார். பிள்ளைகள் இல்லாதவர், தம்பியின் மகள் என்றால் உயிர். நுஹா பிறந்தபோது படத்தில் பார்த்ததுதான், நேரில் பார்ப்பது இதுதான் முதல் முறை. அவரும் கையை நீட்டித் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கழுவினார். பிறகு மிருதுவான இறைச்சியாகப் பார்த்துப் பிய்த்து, உருளைக்கிழங்கோடும் சோற்றோடும் சேர்த்துப் பிசைந்து, ஒரு பிடி எடுத்தார்.

"ஆ காட்டுங்க என்ட வாப்பா. மாமிட கையால ஒரு வாய்."

நுஹா என்னைப் பார்த்தாள். நான் மனதுக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை ஓடவிட்டேன். சோறு சரி, இறைச்சி சரி, நெய் சரி. தலையாட்டினேன்.

அவள் வாயைத் திறந்தாள். மாமி ஊட்டினார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமியின் கண்ணில் தண்ணீர். இன்னொரு பிடி ஊட்டினார்.

கொஞ்ச நேரத்தில் நுஹா மெல்லுவதை நிறுத்தினாள். நாக்கால் உதட்டைத் தடவினாள். செருமினாள், மறுபடியும் செருமினாள். கழுத்தில் சிவப்பு ஏறுவதை நான் கண்டேன். அவள் தமிழில் சொன்னாள்: "உம்மா, வருது."

இத்தனை வருடமும் நான் ஒத்திகை பார்த்த நேரம் அது. எத்தனை தோடம்பழங்களில் குத்தியிருப்பேன்! பேனை கையில் வந்தது. மூடி கழலவில்லை. மூடி கழலவில்லை என்று நினைத்தேன், விரல்தான் அசையவில்லை. விரிப்பைச் சுற்றி எல்லாரும் எழும்பிவிட்டார்கள். ஒருத்தி விசிறினாள், ஒருத்தி ஓதிய தண்ணீரோடு ஓடி வந்தாள், ஒருத்தி இஞ்சி இடிக்கச் சொல்லிக் கத்தினாள். நுஹா என் கையிலிருந்து பேனையைப் பிடுங்கி, மூடியைப் பல்லால் அல்ல, ஒழுங்காக விரலால் கழற்றி, சுடிதாருக்கு மேலாகவே தன் தொடையில் குத்தினாள். குத்தி, ஆங்கிலத்தில் எண்ணிக்கொண்டு அப்படியே பிடித்தாள். பிறகு மூச்சுக்கு நடுவில், "உம்மா, ஆஸ்பத்திரி. மற்றப் பேனையும் எடுங்க" என்றாள்.

வாசலில் நின்ற ஒரே வாகனம் மாப்பிள்ளையின் பூச்சோடித்த கார். மாப்பிள்ளை வீட்டாரே கதவைத் திறந்துவிட்டார்கள். கஜு இல்லை என்று கதைத்தார்களோ என்னவோ, அந்த நேரத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மல்லிகைச் சரங்கள் காற்றில் பிய்ந்து விழ, சுற்றுலா போகிறவர்கள் மாதிரி அந்தக் காரில் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு என்ன ஓதினேன் என்று எனக்கு நினைவில்லை. ஓதிக்கொண்டே இருந்தேன்.

6

அசர்த் தொழுகைக்கு முன் அவளுக்கு மூச்சு சீராகிவிட்டது. எதற்கும் அடுத்த நாள் வரைக்கும் இருக்கட்டும் என்றார் அங்கிருந்த இளம் டொக்டர். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். கஜு இல்லாத சோறு என்றேன். அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

வெளியே மர வாங்கில் ஹாஜரா மாமி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்ததும் அவராகவே சொல்லத் தொடங்கினார்.

"நான் முந்தியே வட்டிலப்பம் அவிச்சிட்டன் மச்சி. கலியாணத்துக்கு நான்தானே கொண்டு வாற. மேல கஜு வெச்சுத்தான் அவிச்ச, பழக்கம்தானே. கொண்டு வந்து குசினில வெச்ச பொறகுதான் பரீனா சொன்னது நெனவு வந்திச்சி. புள்ள தின்னாதே எண்டு கவலயாப் போச்சி. இரிந்து ஒண்டொண்டாப் பொறுக்கிப் போட்டன். ஒரு கஜு இல்ல. இந்தக் கையாலதான் பொறுக்கின."

சொல்லிக்கொண்டு வலது கையைப் பார்த்தார். விரல்களை விரித்துப் பார்த்தார். அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

தண்ணீர் ஊற்றித்தான் கழுவினார். நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேனே. கஜுவின் எண்ணெய் வெறும் தண்ணீருக்குப் போகாது. கொட்டகை முழுக்கத் தேடிய எனக்கு அந்தக் கையைத் தேட வேண்டும் என்று தோன்றவில்லை.

நான் ஏச வேண்டும் என்று அவர் காத்திருந்தார். எனக்குக் கோபம் வரத்தான் செய்தது, மறைக்கவில்லை. ஆனால் யாரை ஏசுவது? பிள்ளைக்கு மோசமான சாமானை அவள் பார்வையில்கூடப் படக்கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்த கை அது. மாமி அந்தக் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் பார்த்த நேரமெல்லாம் அது முந்தானைக்குள்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எல்லாரும் வந்து பார்த்தார்கள், மாமி மட்டும் வரவில்லை. "மாமி சோறும் தின்னாம இரிக்கிறாவாம்" என்று பரீனா சொன்னாள். நுஹா சட்டென்று எழும்பி, "பாலமுனைக்குப் போவோம்" என்றாள். நான் வேண்டாம் என்றேன். வெயில் என்றேன், களைப்பு என்றேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

மாமி எங்களைக் கண்டதும் திகைத்துப்போனார். தேத்தண்ணி ஊற்றப் போனவர் பாதி வழியில் நின்று, "வேணாம். என்ட வீட்டில ஒண்டும் வேணாம். கடைல சோடா எடுப்பிக்கிறன்" என்றார். குசினியில் சோறும், மீனாணம் என்கிற மீன் குழம்பும் ஆக்கி மூடியபடி இருந்தன. நுஹா மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள்.

"மாமி, இதில் கஜு இருக்கா?"

"மீனாணத்தில ஆரு மகள் கஜு போடுவாங்க?"

"வீட்டில் கஜு இருக்கா?"

"எல்லாத்தயும் கடலில கொண்டு போட்டன்."

நுஹா சிரித்துவிட்டாள். பிறகு மாமியின் மணிக்கட்டைப் பிடித்து, முந்தானையிலிருந்து கையை வெளியே எடுத்து, கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். சவர்க்காரக் கட்டியை எடுத்து மாமியின் உள்ளங்கையில் தேய்த்தாள். விரல் இடுக்கு, நகத்தின் அடி, புறங்கை என்று ஒவ்வோர் இடமாகத் தேய்த்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை.

"தண்ணி மட்டும் போதாது மாமி. சவக்காரம் வேணும். இப்படி." அந்த உடைந்த தமிழ் அவ்வளவு தெளிவாக எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

குசினிக்கு வந்து ஒரு பீங்கானில் சோறு போட்டு, ஆணம் ஊற்றி, மாமிக்கு முன்னால் வைத்துவிட்டுச் சம்மணம் கொட்டி இருந்தாள். வாயைத் திறந்தாள்.

"ஏலாது மகள்" என்று மாமி அழுதார். "என்ட கை நடுங்குது."

"நடுங்கட்டும்."

மாமி என்னைப் பார்த்தார். என் கை கைப்பைக்குள் போய்ப் பேனையை இறுக்கிப் பிடித்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. கலியாணத்தன்று அவள் கழுத்தில் ஏறிய சிவப்பு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரிகிறது. ஆனால் சொன்னால் மாமி இனி எந்தப் பிள்ளைக்கும் ஊட்டமாட்டார், அதுவும் எனக்குத் தெரிந்தது. நான் தலையாட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சும்மா நின்றேன்.

மாமி பிஸ்மி சொல்லி ஒரு சின்னப் பிடி எடுத்து ஊட்டினார். நுஹா மென்றாள். நான் அவளுடைய உதட்டைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், மறுபடியும் உதட்டைப் பார்த்தேன். அவள் விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"புளி கூடிப் போச்சு மாமி" என்றாள்.

மாமி சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார். அடுத்த பிடியைப் பெரிதாக எடுத்தார்.

7

இன்று வெள்ளிக்கிழமை. அவளுடைய பெட்டி வாசலில் இருக்கிறது. அதற்குள் புதிதாக வாங்கிய சட்டி, அகப்பை, பீங்கான், அவளுக்கென்று மட்டும் ஒரு பொட்டணம் பஞ்சு. எல்லாவற்றிலும் சிவப்புப் பட்டி ஒட்டியிருக்கிறேன். பேனைகளின் தேதியைக் காலையில் பார்த்தேன். மத்தியானமும் பார்த்தேன். தேதி மாறிவிடவில்லை.

குசினியைப் பகிர்கிற பிள்ளைகளுக்குத் தன்னைப் பற்றி எழுதி அனுப்பிவிட்டதாகச் சொல்கிறாள். எல்லாரும் 'சரி' என்று எழுதியிருக்கிறார்களாம். 'சரி' என்றால் என்ன என்று நான் கேட்டேன். பரீனாவும்தான் சரி என்றாள், மாமியும்தான் சரி என்றார். பிரியம் இருந்தவர்களுக்கே கை பிசகியது. பிரியம் இல்லாதவர்களை எப்படி நம்புவது? என் கணவர் "நீ அவள நம்பு, போதும்" என்றார். அந்த மனிசன் எப்போதாவது ஒருமுறை சரியாகச் சொல்லிவிடுகிறார்.

பின்னேரம் அவளே சமைத்தாள். போகிற நாளுக்கு முதல் நாள் நான்தான் ஆக்குவேன் என்று நின்றாள். பலாக்கொட்டைக் கறியும் சோறும். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். உப்புப் பார்க்கும்போது ஆணத்தை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். நான் செய்வது மாதிரியே.

மேசையில் இருந்ததும் அவள் கரண்டியை எடுக்கவில்லை. பீங்கானை என் பக்கம் தள்ளினாள்.

"உம்மா, ஒரு வாய் ஊட்டுங்க."

அவளுக்கு அந்தத் தொதல் நினைவில் இருக்க வழியில்லை. நான் சொன்னதும் இல்லை. ஒருவேளை பாலமுனையில் என் முகத்தைப் பார்த்திருப்பாள்.

நான் சோற்றைப் பிசையக் கையைக் கொண்டுபோனேன். கொண்டுபோன கை நின்றுவிட்டது. இந்த வீட்டுக்குள் பதினாறு வருடமாக ஒரு கஜு நுழைந்ததில்லை. காலையிலிருந்து நான் தொட்டதெல்லாம் அவளுடைய உடுப்பும், சிவப்புப் பட்டியும், தஸ்பீஹ் மணியும்தான்.

என்றாலும் எழும்பிப் போனேன். தண்ணீரைத் திறந்து, சவர்க்காரம் போட்டு, விரல் இடுக்கு, நகத்தின் அடி, புறங்கை எல்லாம் தேய்த்துக் கழுவினேன். அவள் வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.